டாக்டரம்மா பதில்கள்: பச்சைப்பிள்ளை வரும் வீட்டில் நாய்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒரே விஷயத்தைப் பற்றியவை. வீட்டில் நாய் இருக்கிறது, பிள்ளையும் வந்துவிட்டது, இல்லை வரப்போகிறது. அதனால் மாட்டுக்கும் கோழிக்குமான கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு, இந்த நான்கையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்கு எட்டு மாதம் முடியப் போகிறது. அடுத்த வாரம் பேறுகாலத்துக்குக் கம்பத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். பிள்ளையோடு மூன்றாம் மாதம்தான் திரும்புவேன். எங்களிடம் ஐந்து வயதுக் கோம்பை நாய் இருக்கிறது, பெயர் மணி. என் பின்னாலேயே திரியும், என் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். "பச்சப்புள்ள வர்ற வீட்டுல நாய் ஆகாது, கீழ யாருக்காச்சும் குடுத்துரு" என்கிறார் மாமியார். கொடுக்க மனசில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்ய? (வாசகி, வண்டன்மேடு)

கொடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் மாமியாரின் பயத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரி. கோம்பை நாய் காவலுக்கும் வேட்டைக்கும் என்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. கருவாயும் செவலை உடம்புமாக அது வாசலில் நின்றால் தெரியாத ஆள் படியேற மாட்டான். அந்த வேகம் பிள்ளை வந்ததும் தானாக அடங்கிவிடாது. நாம்தான் பழக்க வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் கையில் இருக்கிறது. இது பெரிய கொடுப்பினை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாளே பிள்ளையோடு நாய் இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை.

முதலில் படுக்கை. மணி உங்கள் கட்டிலுக்கு அடியில் படுப்பதை நீங்கள் கம்பம் கிளம்புவதற்குள் மாற்றத் தொடங்குங்கள். நடையிலோ அடுப்படிக்கு வெளியிலோ ஒரு சாக்கும் பழைய போர்வையும் போட்டு, ராத்திரி கடைசிச் சோற்றை அங்கேயே வையுங்கள். பிள்ளை வந்த அன்றைக்கு அதை அறையை விட்டு வெளியேற்றினால், வெளியேற்றியது அந்தப் புது வாசனைதான் என்று அது கணக்குப் போடும். நான்கு மாதம் முன்பே இடம் மாறியிருந்தால் அந்தக் கணக்குக்கு வழியில்லை.

அடுத்தது, சோறு வைக்கும் கை. இனிமேல் மாமியார் வைக்கட்டும். அவருக்கும் நாய்க்கும் இடையில் நல்லது ஏதாவது நடந்தால்தான் நீங்கள் பிள்ளையோடு முடங்கிக் கிடக்கும் நாட்களில் அது அவர் சொல் கேட்கும். அவருடைய பயமும் அதில்தான் குறையும். எத்தனை விளக்கம் சொன்னாலும் குறையாத பயம், தினமும் தட்டு வைத்துப் பழகினால் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நம் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து வீடுகளில் மட்டும் நான் பார்க்கிற ஒரு சிக்கல். ஒரே நாய்க்கு வீட்டுக்காரர் "சிட்" என்பார், மாமனார் "படு" என்பார், பக்கத்து வீட்டுச் சேச்சி "இரிக்கெடா" என்பார். மூன்றுக்கும் அது முழிக்கும். நாம் சொல் பேச்சு கேட்காத நாய் என்று முடிவு கட்டிவிடுவோம். எந்த மொழியாக இருந்தாலும் சரி, உட்காருவதற்கு ஒரு சொல், தள்ளிப் போவதற்கு ஒரு சொல். சேச்சிக்கும் சொல்லிவிடுங்கள். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும்போது ஒரே சொல்லில் நாய் இரண்டடி பின்னால் போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பாதி கவலை போய்விடும்.

பிள்ளை அழும் சத்தத்தை உங்கள் வீட்டுக்காரர் போனில் போட்டுக் காட்டட்டும். நாய் சாப்பிடும் நேரத்தில், முதலில் கேட்டும் கேட்காத அளவுக்கு; பத்து நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பச்சைப்பிள்ளையின் வீறல், அடிபட்ட சிறு பிராணியின் கத்தல் மாதிரி வேட்டை நாயின் காதில் விழலாம். பழகாத நாய் அதைக் கேட்டு விறைத்து நிற்கும்.

சேலைத் தொட்டிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். என் மகள் பேறுகாலத்துக்கு உத்தமபாளையத்துக்கு வந்திருந்தபோது எங்களிடமும் ஒரு கோம்பை இருந்தது. ஆறு வயது, பரம சாது. முதல் சந்திப்பு நன்றாகவே நடந்தது. மகள் திண்ணையில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், என் வீட்டுக்காரர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு இரண்டு கை தூரத்தில் நாயை நிறுத்தினார். அது மூக்கை நீட்டி, பிள்ளையின் கையில் கட்டியிருந்த வசம்பு வளையத்தை மோந்தது, இரண்டு தும்மல் போட்டது, அப்படியே படுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். மறுநாள் மதியம் நடு அறையில் உத்திரத்துக் கொக்கியில் தொட்டிலைக் கட்டி ஆட்டினோம். நான் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். நாய் தொட்டிலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. தொட்டில் இந்தப் பக்கம் போனால் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் தலை அந்தப் பக்கம். காது நிமிர்ந்திருந்தது, வாய் மூடியிருந்தது, கண் இமைக்கவில்லை. வால் ஆடவே இல்லை. சேலைக்குள் பிள்ளையின் கால் உதைத்து உதைத்துத் துணி புடைக்கிறது. அது பாசமாகப் பார்க்கிறது என்று என் மகள் சொன்னாள். முப்பது வருஷம் நாய்களோடு பழகிய எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆடும் மூட்டை, உள்ளே அசையும் உயிர், கீச்சுக் குரல். வேட்டை நாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதன் பேரில் குற்றமில்லை, அதன் இரத்தம் அப்படி. அன்று சாயங்காலமே தொட்டிலை உள் அறைக்கு மாற்றி, நிலையில் இடுப்பளவு மரத்தடுப்பு ஒன்று போட்டோம்.

அதனால் உங்கள் வீட்டில் இப்போதே தொட்டிலைக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே துண்டைச் சுருட்டிப் போட்டு, தினமும் கொஞ்ச நேரம் ஆட்டட்டும். நாய் பார்த்துவிட்டுத் தானாக முகத்தைத் திருப்பும்போது ஒரு துண்டு முட்டை கொடுக்கட்டும். தொட்டில் இருக்கும் அறைக்கு ஒரு தடுப்பும் வேண்டும். அது கதவானாலும் சரி, கம்பித் தடுப்பானாலும் சரி, நாய் தாண்ட முடியாததாக இருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்காரர் கம்பத்துக்கு வந்து போவார் அல்லவா, பிள்ளையைச் சுற்றிய துவைக்காத பழைய வேட்டித் துணி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். நாயின் வாயில் கொடுக்கக் கூடாது. கையில் பிடித்துக்கொண்டு மோந்து பார்க்க விட்டு, பக்கத்தில் தீனி வைக்க வேண்டும். துணியைக் கவ்வி உதற வந்தால் எடுத்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை வாசனை என்றால் பால், எண்ணெய், வசம்பு, சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்ததுதான். அது மணிக்கு முன்கூட்டியே தெரிந்த வாசனையாக இருக்கட்டும்.

திரும்பி வரும் நாளில், ஜீப் வருவதற்கு முன்னால் மணியைத் தோட்டத்துக்குள் நன்றாக நடத்திக் களைப்பாக்கி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெறுங்கையோடு முதலில் உள்ளே போங்கள், பிள்ளை உங்கள் அம்மாவிடம் வெளியே இருக்கட்டும். நான்கு மாதம் கழித்து உங்களைப் பார்க்கிற நாய் குதிக்கும், நக்கும், சுற்றும், சில நாய்கள் சந்தோஷத்தில் மூத்திரமே விட்டுவிடும். எல்லாம் ஆகட்டும். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, அது அடங்கிய பிறகு பிள்ளை உள்ளே வரட்டும். கயிற்றை ஒருவர் பிடிக்க, நீங்கள் தரையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, பிள்ளையின் கால் பக்கத்தை மட்டும் தூரத்திலிருந்து மோக்க விடுங்கள். முகத்தின் பக்கம் வேண்டாம். ஐந்து நிமிஷம் போதும். மணி விலகிப் போக நினைத்தால் விட்டுவிடுங்கள். "பாரு, தம்பிப் பாப்பா பாரு" என்று கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமானது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை விழித்திருக்கும்போது நாயைப் பார்த்து "போ, போ அங்கிட்டு" என்று விரட்டுகிறோம். பிள்ளை தூங்கியதும் பாவம் என்று தோன்றி, பக்கத்தில் கூப்பிட்டுத் தடவி பிஸ்கட் கொடுக்கிறோம். நாய் இதிலிருந்து என்ன படிக்கும்? அந்தச் சின்ன உயிர் இல்லாவிட்டால் நமக்கு நல்ல காலம், அது வந்தால் கெட்ட காலம். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். பிள்ளை விழித்து மடியில் இருக்கும்போது மணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், தூரத்தில் படுக்க வைத்து ஒரு வாய் தீனி போடுங்கள், நல்ல வார்த்தை பேசுங்கள். பிள்ளை தூங்கும் நேரத்தில் அதைச் சும்மா விடுங்கள். ஒரு மாதத்தில், பிள்ளை சிணுங்கினால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு தன் சாக்கில் போய்ப் படுத்துக்கொண்டு உங்களைப் பார்க்கும். என் பேரன் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

இவ்வளவு பழக்கிய பிறகும் ஒரு நொடிகூட இரண்டையும் தனியே விடக் கூடாது. அடுத்த அறையில் ஆள் இருப்பது கணக்கில்லை. பாட்டி பக்கத்தில் கண்ணயர்ந்திருப்பதும் கணக்கில்லை. கைக்கெட்டும் தூரத்தில், விழித்திருக்கிற பெரியவர் ஒருவர் வேண்டும். பால் பொங்குகிறது, போன் அடிக்கிறது என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லை நாயைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெயர் வைக்கிற நாள், ஊரிலிருந்து சனம் திரண்டு வருகிற நாள், அன்றைக்கெல்லாம் மணியைக் காலையிலேயே நம்பிக்கையான ஒருவரோடு வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டமும் சத்தமும் பழகிய நாயையே குழப்பிவிடும்.

*

என் மகளுக்கு எங்கள் வீட்டில்தான் பேறுகாலம். வீட்டில் நாட்டு நாய் ஒன்று உண்டு. நாய் முடி பிள்ளைக்கு இளைப்பு கொண்டுவரும், நாய் நக்கினால் சீக்கு வரும், மாசமாக இருக்கிறவள் நாயைத் தொட்டால் கருவுக்கு ஆகாது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எது உண்மை? (ஒரு பாட்டி, கம்பம்)

கடைசியாகக் கேட்டதை முதலில் சொல்கிறேன் அக்கா. கருவைப் பாதிக்கிற டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது பூனையின் மலத்திலும் சரியாக வேகாத கறியிலும் வரும். நாயைத் தடவுவதால் வருவதில்லை. பூனை மலம் அள்ளுகிற வேலையை மட்டும் மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

முடியைப் பற்றி: சுவீடனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. பிறந்த முதல் வருஷத்தில் நாய் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்கு, பள்ளி வயதில் ஆஸ்துமா கூடவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது. அதற்காக நாய் வாங்கச் சொல்லவில்லை. இருக்கிற நாயை முடிக்குப் பயந்து துரத்த வேண்டாம் என்கிறேன். பிள்ளைக்கு இளைப்பு வந்தால் அதற்குக் குழந்தை மருத்துவர் சொல்வதே சொல்.

நக்குவது பற்றிய பயம் நியாயமானது. வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கும். காயமில்லாத தோலை நக்கினால் கழுவினால் போதும். ஆனால் வாய், கண், மூக்கு, புண் இருக்கிற இடம் என்றால் கடித்ததற்குச் சமம். பச்சைப்பிள்ளையின் தொப்புள் காய்ந்து விழ ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். அதுவும் திறந்த புண்தான். ஆகையால் தொப்புள் ஆறும் வரை நாயைப் பிள்ளையின் பக்கத்தில் விடவே வேண்டாம். முகத்தை நக்க விடுவது எந்த வயதிலும் வேண்டாம். மகள் குழந்தையோடு வருவதற்கு முன்னாலேயே நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வருஷா வருஷம் போட வேண்டும். மலைக்கு மேலே கேரளப் பக்கம் இருப்பவர்கள் மிருக ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம், பஞ்சாயத்து லைசென்ஸுக்கும் அந்தச் சீட்டு வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மாத்திரை. நாயின் மலத்தை அன்றன்றைக்கே அள்ளிப் புதைத்துவிடுங்கள். நாய்க்குடற்புழுவின் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் நோய் பரப்பும் நிலைக்கு வரும், அதனால் உடனே அள்ளினால் ஆபத்து இல்லை. பிள்ளையின் மலத்துணி, பால் வாடை அடிக்கிற துணி எதையும் நாய்க்கு எட்டுகிற மாதிரி போடாதீர்கள். பேரப்பிள்ளை விளையாடட்டும் என்று இப்போது போய்ப் புதுக் குட்டி ஒன்று வாங்கி வராதீர்கள். குட்டிகள் பெரும்பாலும் புழுவோடுதான் பிறக்கும், கடித்துக் கடித்துத்தான் பழகும். அதெல்லாம் பேரன் ஓடியாடும் வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

*

பிள்ளைக்கு ஒன்பது மாதம். தவழ்கிறான். எங்கள் நாய் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. போன வாரம் அது படுத்திருக்கும்போது போய்க் காதைப் பிடித்தான், உர்ரென்றது. கோபத்தில் கம்பெடுத்து நாலு சாத்து சாத்திவிட்டேன். அதற்குப் பிறகு உறுமவே இல்லை. இனி பயமில்லைதானே? (வாசகர், குமுளி)

பயம் இப்போதுதான் தம்பி. உறுமல் என்பது நாய் நம்மிடம் பேசுகிற கடைசிச் சொல். "பிடிக்கல, எடுத்துக்கிட்டுப் போ" என்று அது உங்களிடம்தான் சொன்னது. சொன்னதற்கு அடி விழுந்தது. இனி அது சொல்லாது. காது வலித்தால் நேராகக் கடித்துவிடும். "உறுமக்கூட இல்ல டாக்டரம்மா, திடீர்னு கடிச்சிருச்சு" என்று என்னிடம் வந்தவர்களைத் துருவிக் கேட்டால், அநேகமாக எல்லோருமே முன்னொரு நாள் உறுமியதற்கு அடித்திருப்பார்கள்.

உறுமுவதற்கு முன்னாலும் அது பேசிக்கொண்டுதான் இருக்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். தீனி இல்லாமலே உதட்டை நக்கும். பிள்ளை வந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பும். ஓரக் கண்ணால் வெள்ளை விழி தெரியப் பார்க்கும். உடம்பு கட்டை மாதிரி விறைக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அடிக்காமல், திட்டாமல், பிள்ளையைத் தூக்கிவிடுங்கள். அடித்து மறைந்துபோன உறுமல் திரும்ப வந்தால் சந்தோஷப்படுங்கள்.

நாய்க்குப் பிள்ளை தவழ்ந்து போக முடியாத ஓர் இடம் வேண்டும். திண்ணை மேலாக இருக்கலாம், தடுப்புக்கு அந்தப் பக்கமாக இருக்கலாம். அது படுத்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் யாரும் அண்டக் கூடாது. ஒன்பது மாதப் பிள்ளைக்குப் புரியாது, அதனால் தடுக்க வேண்டியது பெரியவர்கள். இன்னொன்று, அந்தக் காதை ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவரை ஒன்றும் செய்யாத நாய் காதைத் தொட்டதும் உறுமினால், உள்ளே புண்ணோ சீழோ உண்ணியோ இருக்கலாம்.

*

பிள்ளை வந்ததிலிருந்து நாயைப் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறோம். இது போதும்தானே? (வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்)

போதாது அம்மா. இதே கேள்விக்கு ஒரு காலத்தில் "போதும், கட்டிப் போடுங்கள்" என்று நானே பதில் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்றோ நான்கோ வருஷம் ஆகியிருந்த சமயம். திராட்சைத் தோட்டத்துக்குள் வீடு. நல்ல நாய். நான் சொன்னபடியே பந்தல் காலில் கட்டிப் போட்டார்கள். காலையில் கட்டினால் ராத்திரிதான் அவிழ்ப்பார்கள். பதினோரு மாதப் பெண் பிள்ளை, கையிலிருந்து உருண்டுபோன பிஸ்கட்டைத் தேடிச் சங்கிலி எட்டுகிற வட்டத்துக்குள் தவழ்ந்து போயிருக்கிறது. கன்னத்தில் கடி. அந்தப் பிள்ளையை அவள் அப்பா தோளில் போட்டுக்கொண்டு முதலில் என்னிடம்தான் ஓடி வந்தார். நான் மாட்டு டாக்டர் என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. குழாயடியில் வைத்து சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி, வண்டி பிடித்து அனுப்பினேன். பிழைத்துக்கொண்டாள். கன்னத்தில் தழும்பு இருக்கிறது. நான் கொடுத்த யோசனை அரைகுறையானது, அதற்கு அவள் விலை கொடுத்தாள்.

கட்டிக் கிடக்கும் நாயால் விலகிப் போக முடியாது. பிடிக்காத ஒன்று நெருங்கினால் அதற்கு இருக்கிற ஒரே வழி கடிப்பது. நாள் முழுக்கக் கட்டிப் போட்டால் சிடுசிடுப்பும் ஏறும். சங்கிலிக்குப் பதிலாக, பிள்ளை நுழைய முடியாத அடைப்பு ஒன்று வையுங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது நடத்துங்கள். உடனே அடைப்பு வைக்க வசதியில்லை என்றால், சங்கிலி எட்டும் வட்டத்துக்கு வெளியே செங்கல்லோ மூங்கிலோ வைத்து மறித்துவிடுங்கள், இன்றைக்கே.

கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். இரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற, கிருமியை அங்கேயே எதிர்க்கிற மருந்து ஊசியும் போட வேண்டும், முகத்துக் கடிக்கு அதை விடவே கூடாது. பச்சைப்பிள்ளைக்கும் போடலாம், மாசமாக இருக்கிறவர்களுக்கும் போடலாம், பால் கொடுக்கிறவர்களுக்கும் போடலாம். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். நாயின் ஊசிச் சீட்டைக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் முடிவு செய்யட்டும். நாயை அடித்துக் கொன்றுவிடாமல் 10 நாள் தனியாக அடைத்து, சோறும் தண்ணீரும் வைத்துப் பாருங்கள். அந்த 10 நாளும் அது நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய் இருந்திருக்காது.

கூடலூர் வாசகிக்கு இன்னொரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் ஊர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நாய்க்கு என்ன வயது, எந்த இனம், எப்போது கடைசி ஊசி என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழ் வரை காத்திருக்காமல் தபாலிலேயே பதில் போடுகிறேன்.